சாயநீரும் பருத்தி நூலும்: திருப்பூரின் இரண்டு கணக்குகள்

திருப்பூரின் சிறு முதலாளிகளுக்குக் கணினி என்றாலே ஒவ்வாமை என்று கருத்தரங்குகளில் சொல்வதுண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. 2017இல் ஜி.எஸ்.டி. வந்ததும், துண்டுச் சீட்டில் கணக்கு வைத்திருந்த நிட்டிங் பட்டறைகளும் இணையத்தில் கணக்குத் தாக்கல் செய்யப் பழகிக்கொண்டன. செய்யாவிட்டால் வேலை கொடுப்பவருக்கு உள்ளீட்டு வரி கிடைக்காது; அடுத்த லாட் வேறு பட்டறைக்குப் போய்விடும். ஆகவே டிஜிட்டல் முயற்சிகளுக்குத் தடை வேறெங்கோ இருக்கிறது. அதே ஊரின் இரண்டு முயற்சிகளை ஒப்பிட்டால் அது பிடிபடும்: சாயக்கழிவு நீரை இணையவழி கண்காணிப்பது ஒன்று, பனியனின் பருத்தி எங்கே விளைந்தது என்று தடம் காண்பது மற்றொன்று.

முதலாவதை நீதிமன்றம் தொடங்கிவைத்தது. சாயக்கழிவால் நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டபின், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இட்ட உத்தரவால் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாத ஏற்பாட்டைச் செய்த பிறகே அவை மீண்டும் இயங்கின. 2014இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதிக மாசு உண்டாக்கும் தொழில்களிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் நேரலைக் கண்காணிப்புக் கருவிகளைக் கட்டாயமாக்கியது. இது நிலைத்ததற்குக் காரணங்கள் எளியவை. கேட்பவர் ஒருவர், அளக்கவேண்டிய குழாய்கள் சில, செலவைப் பல பட்டறைகள் பங்கிட்டுக்கொள்கின்றன. மீட்கப்படும் தண்ணீரும் உப்பும் மறுபடி சாயத்தொட்டிக்கே திரும்புவதால் அவற்றுக்குப் பணமதிப்பும் உண்டு.

பருத்திக்கு இதில் எதுவும் பொருந்தாது. விவசாயி, மண்டி வியாபாரி, ஜின்னிங் ஆலை, ஸ்பின்னிங் மில், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், பிறகு தையல் ஜாப் ஒர்க் என்று கை மாறிக்கொண்டே வருகிறது. ஜின்னிங் ஆலையில் பல வயல்களின் பருத்தி ஒரே குவியலாகிறது. மில்லிலோ வேண்டுமென்றே கலக்கிறார்கள். பல பேல்களைத் தேர்ந்து மிக்ஸிங் போடுவதுதான் சீரான நூலுக்கு வழி. ஸ்பின்னிங் மாஸ்டரின் திறமையே அதில்தான் இருக்கிறது. தடம் வேண்டுமானால் அவர் தனிக் குடோன் வைக்கவேண்டும், இயந்திரத்தை நிறுத்தித் துடைக்கவேண்டும், சிறிய லாட்டாக ஓட்டவேண்டும். பருத்திச் சாகுபடிக்குத் தரநிலை வகுக்கும் பெட்டர் காட்டன் அமைப்பே பல ஆண்டுகள் எடைக்கணக்கை மட்டும் சரிபார்த்துவிட்டு, பொருளையே பின்தொடரும் முறைக்கு 2023இல்தான் வந்தது.

இதைவிடப் பெரிய தடையைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. இடைத்தரகர் பிழைப்பதே, யாரிடம் வாங்கினார் என்பதைச் சொல்லாமல் இருப்பதால்தான். ஏற்றுமதியாளருக்கும் அப்படியே: தன் ஜாப் ஒர்க் பட்டறைகளின் பட்டியலை, ஆடை வாங்கும் நிறுவனமான பையரின் இணையத் தளத்தில் ஏற்றினால், அடுத்த சீசனில் அதைக் காட்டியே விலை பேசுவார்கள் என்ற பயம். பயத்துக்கு நியாயம் இருக்கிறது. பையர் தகவல் கேட்கிறார், தளத்தை அவரே தேர்கிறார், சந்தாவையும் தட்டச்சு வேலையையும் சப்ளையர் தலையில் வைக்கிறார். பீஸ் விலையை மட்டும் அசைப்பதில்லை. நான்கு பையர் என்றால் நான்கு தளம். இந்தத் தகவல் கேட்பு இனிக் கூடத்தான் செய்யும்: ஒரு பொருளின் விவரங்களை இணையவழி காட்டும் டிஜிட்டல் பொருள் கடவுச்சீட்டுக்கு வழிவகுக்கும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் 2024 ஜூலையில் நடப்புக்கு வந்துவிட்டது. அதன் முதல் வரிசையில் ஜவுளியும் இருக்கிறது.

ஒரு குருட்டுப்புள்ளி இரண்டுக்கும் பொது. சென்சார் தன்னைக் கடக்கும் நீரைத்தான் அளக்கும். இரவில் வேறு வழியில் ஓடவிட்டது அதற்குத் தெரியாது. உப்புப் படிந்த சென்சாரைச் சரிபார்க்காவிட்டால் அழகான பொய் எண் சர்வருக்குப் போகும். பருத்தியில் இது அம்பலமாகியே விட்டது. 2020இல் இந்திய இயற்கைப் பருத்தியில் ஏறத்தாழ 20,000 டன் போலிச் சான்றிதழ்களோடு நுழைந்ததை, இயற்கை ஜவுளிக்குத் தரநிலை வகுக்கும் காட்ஸ் (GOTS) அமைப்பு கண்டுபிடித்தது. அந்தச் சான்றிதழ்களிலிருந்த க்யூஆர் குறியீடு, அரசு இணையதளத்தைப் போலவே செய்யப்பட்ட போலித் தளத்துக்கு அழைத்துச் சென்றது. ஆனால் குழாயில் சந்தேகம் வந்தால் அதிகாரி நேரில் போய் நீரை மொண்டு பார்க்கலாம். நூலாகிவிட்ட பருத்தியில் அந்த வசதி மிகக் குறைவு. ஆய்வகம் அதன் வட்டாரத்தைச் சொல்லக்கூடும், வயலைச் சொல்லாது.

இப்போது இந்தியப் பருத்திக்கான கஸ்தூரி காட்டன் திட்டத்தில் பேலுக்கே க்யூஆர் குறியீடும் பிளாக்செயின் பதிவும் வருகின்றன. மில்லிலிருந்து தையல் வரைக்கும் அது உதவும். ஆனால் பேல் உருவாவது ஜின்னிங் ஆலையில். விவசாயியும் மண்டி வியாபாரியும் அதற்கு முன்பே விலை பேசி முடித்துவிடுகிறார்கள்.