பனிமேல் ஓடும் பலகை

வரிச்சிக்குடியைச் சுற்றியுள்ள வயல்களில், நடவுக்கு முன்னர்ப் பரம்படிக்கும் காட்சியை முதியோர் பலரும் அறிவர். உழுது சேறாக்கிய நிலத்தின்மீது நீண்ட பலகையொன்றை மாடுகள் இழுத்துச் செல்லும். உழவர் அதன்மீது கால்களை அகற்றி ஊன்றி நிற்பார். இன்று அவ்வேலையைப் பெரும்பாலும் டிராக்டரே செய்துவிடுகிறது. சிறுவனாயிருந்த காலத்தில் நானும் ஒருமுறை அப்பலகைமீது ஏறி நின்றேன். வரப்பருகே மாடு திரும்பியது, பலகையும் திரும்பியது, நான் மட்டும் திரும்பவில்லை. சேற்றிலிருந்து என்னைத் தூக்கிவிட்டவர் என் தமையனார்.

அத்தமையனாரின் மகன் இன்று பிரான்சு நாட்டில், ஆல்ப்ஸ் மலைகள் சூழ்ந்த கிரெனோபிள் நகரில் பயில்கிறான். காரைக்கால் 1739 முதல் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையால், அந்நாட்டில் குடியேறிய குடும்பங்கள் இங்கே பலவுண்டு. சென்ற ஆண்டு அவனிடமிருந்து கடிதம் வந்தது: "சித்தப்பா, பனிச்சறுக்குப் பலகை ஒரு ஜோடி வாங்க விரும்புகிறேன். உலகப் போட்டிகளில் வீரர்கள் அணியும் இனமே குறைந்த விலைக்கு வந்திருக்கிறது. அப்பாவிடம் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். ஒருநாள் அதே பலகையோடு குல்மார்க்குக்கும் வருவேன்."

பரிந்து பேசுமுன் பொருளை அறிதல் வேண்டுமல்லவா? பனியைக் கண்ணாலும் காணாத நான் பனிச்சறுக்கின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானது இவ்வாறுதான்.

பனிமீது பலகை கட்டி நடப்பது ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமையுடையது. ஆனால் அப்பலகையைக் கருதிய இடத்தில் திருப்பும் கலைக்கு அத்தனை வயதில்லை. நார்வே நாட்டின் டெலிமார்க் பகுதியில் மோர்கெடால் என்னும் சிற்றூரில் 1825-ஆம் ஆண்டில் பிறந்த சோன்ட்ரே நோர்ஹைம் என்பாரை இக்கலையின் தந்தை என்பர். அவர் குதிகாலையும் சேர்த்துக் கட்டினார். பலகையின் நடுப்பகுதியை ஒடுக்கிச் செதுக்கினார். நம் உடுக்கையை எண்ணிப் பாருங்கள்: இரு முனைகளும் அகன்று, இடை சிறுத்திருக்கும். அவ்வடிவே இது. 1868-ஆம் ஆண்டில், இன்று ஆஸ்லோ எனப்படும் கிறிஸ்டியானியா நகரில் நடந்த போட்டியில் அவர் வென்றபோது, தலைநகரத்தார் அந்நாட்டுப்புறத்தாரின் திறம் கண்டு வியந்தனர்.

இவ்விடை ஒடுக்கம் வெறும் அழகுக்கன்று. நேரான பலகையைப் பக்கவாட்டில் சாய்த்தால் அதன் விளிம்பு முழுவதும் பனியில் படும்; பலகை நேரே ஓடும். இடை சிறுத்த பலகையைச் சாய்த்து அழுத்தினாலோ, முனைகள் பனியைப் பற்ற, நடுப்பகுதி கீழே வளைந்து, விளிம்பு ஒரு வட்டத்தின் வில்லாகிவிடும். வில்லின் வழியே பலகை தானாக ஓடும். கணக்கில் ஆர்வமுள்ள மாணவர்கள் இதனை அளந்தும் பார்க்கலாம். பனியைத் தொடும் நீளத்தை அதனாலேயே பெருக்கி, ஒடுக்கத்தின் ஆழத்தைப்போல் எட்டு மடங்கால் வகுத்தால் வட்டத்தின் ஆரம் ஏறத்தாழக் கிடைக்கும். நீளம் 1,900 மில்லிமீட்டர், ஒடுக்கம் 7 மில்லிமீட்டர் எனின் ஆரம் 64 மீட்டருக்கு மேல். நீளம் 1,600, ஒடுக்கம் 20 எனின் ஆரம் 16 மீட்டரே. ஒரு விரற்கடை மரத்தைச் செதுக்கி எறிந்ததால் வட்டம் நாலில் ஒரு பங்காகிவிட்டது!

இத்தனை எளிய கணக்கை எட்டுவதற்கு நூறாண்டுக்குமேல் ஆயின என்பது எனக்கு இன்றும் வியப்பே. இடையில் வேறு திருத்தங்கள் வாராமலில்லை. சால்ஸ்பர்க் நகரத்து ருடால்ப் லெட்னர் 1926-இல் எஃகு விளிம்புக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்க விமானப் பொறியாளர் ஹவர்டு ஹெட் 1950-இல் அலுமினியத் தகடுகளுக்கிடையே மரத்தை வைத்துச் செய்த பலகையை விற்கத் தொடங்கினார். 1960-இல் பிரெஞ்சு வீரர் ஜீன் வுவார்னே உலோகப் பலகையோடு ஒலிம்பிக் தங்கம் வென்றார். பொருள்கள் மாறின, இடையோ அதிகம் ஒடுங்கவில்லை. 1993 வாக்கில் ஸ்லோவேனியா நாட்டு எலான் நிறுவனத்தார் இடையை ஆழமாக ஒடுக்கிய பலகையை வெளியிட்டனர். சில ஆண்டுகளில் பழைய நேர்ப்பலகைகள் கடைகளினின்று மறைந்தன.

வேறொரு காரணமும் உண்டு. வில்லாய் வளைந்த விளிம்பு வழுவாமல் ஓடச் சமனான, இறுகிய பனி வேண்டும். மலைச்சரிவுகளில் இரவு நேரத்தில் இயந்திரங்களை ஓட்டிப் பனியைச் சீவி நிரவும் வழக்கம் பரவியதும் இப்பலகைக்குத் துணையாயிற்று. அது பனிக்கு அடிக்கும் பரம்பு!

இனி என் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். போட்டிப் பலகை சிறந்ததுதானே, அதனை ஏன் வாங்கலாகாது?

பெருவளைவுப் போட்டியில் ஆடவர் பலகையின் ஆரம் குறைந்தது 27 மீட்டர் இருந்தால் போதும் என்றிருந்ததை, உலகப் பனிச்சறுக்குச் சம்மேளனம் 2012-13 பருவத்தில் 35 மீட்டராக உயர்த்தியது. கூரிய வளைவு பனியைக் கவ்வி வீரரின் முழங்காலை முறுக்கிக் காயப்படுத்துகிறது என்பதே அதற்குச் சொல்லிய காரணம். வீரர் பலர் கடுமையாக எதிர்த்தனர். 2017-18 பருவத்தில் அவ்வளவு 30 மீட்டராகக் குறைந்தது. போட்டிப் பலகையின் வடிவம் விதிக்கு இணங்கி அமைந்ததே தவிர, நம்போன்றோரின் வசதிக்காக அமைந்ததன்று. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 30 மீட்டர் வட்டத்தில் திரும்புவோரைத் தன் எடையளவு விசை பக்கவாட்டில் அழுத்தும். வேகம் பாதியானால் விசை நாலில் ஒன்றாகும். விறைப்பாகச் செய்த பலகை அச்சிறு விசைக்கு வளையாது. வளையாத பலகை திரும்பாது. திரும்பாத பலகைமீது நிற்பவன் கதி என்னவென்று எனக்குத் தெரியும்.

ஆகவே அவனுக்கு எழுதினேன்: சீவிய சரிவுக்கு ஆரம் 14 முதல் 17 மீட்டர், நீளம் உன் முகவாய்க்கும் நெற்றிக்கும் இடைப்பட்ட உயரம், இடை 70 மில்லிமீட்டரை ஒட்டி. இடை குறுகியிருந்தால் ஒரு விளிம்பினின்று மறு விளிம்புக்கு விரைவில் மாறலாம். உறுதிக்கு உள்ளே உலோகத் தகடு இருக்கட்டும். ஆனால் உன் எடைக்கு வளைகிறதா என்று பார். இரண்டு இனத்தையும் வாடகைக்கு எடுத்து ஒவ்வொரு நாள் ஓட்டிய பிறகே விலை பேசு.

குல்மார்க்கைப்பற்றியும் எழுத வேண்டியிருந்தது. இந்தியப் பனிச்சறுக்குக் கழகம் ஆங்கிலேய அதிகாரிகளால் 1927-இல் தொடங்கப்பெற்றது அங்கேதான். 1964-இல் இன்ஸ்ப்ரக் குளிர்கால ஒலிம்பிக்கில் ஜெரமி புஜகோவ்ஸ்கி இந்தியாவின் பெயரால் முதன்முதலாகப் பங்கேற்றார். 2022-இல் பெய்ஜிங்கில் நம் நாட்டிலிருந்து சென்ற ஒரே வீரர் ஆரிப் கான். குல்மார்க்கில் சறுக்குக்கருவிக் கடை வைத்திருந்தவரின் மைந்தர். பெருவளைவுப் போட்டியில் 45-ஆம் இடம் பெற்றார். ஆனால் அபர்வத் சிகரத்தின் புகழ் சீவாத பொடிப்பனியால் வந்தது. 70 மில்லிமீட்டர் இடையுள்ள பலகை அதில் அமிழ்ந்துபோகும். அங்கே 100 மில்லிமீட்டர் அளவில் அகன்றது வேண்டும். ஒரே பலகையை இரண்டு மலைக்கும் கொண்டுபோகும் எண்ணத்தை விட்டுவிடு என்றேன்.

ஒரு மாதம் கழித்து இரண்டு புகைப்படங்கள் வந்தன. போட்டிப் பலகையில் ஓடிய தடம் பனியை அகலமாக வழித்துத் தள்ளியிருந்தது. மற்றதன் தடமோ இரண்டே மெல்லிய கோடுகள். வளைந்து வளைந்து அடிவாரம்வரை சென்றன. இரண்டையும் தமையனாரிடம் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து நெடுநேரம் பார்த்தார்.

"இது பரம்படித்தது, இது ஏர் ஓட்டியது" என்றார். பிறகு, "ஏர் ஓட்டியது என்ன விலையாம்?" என்று கேட்டார்.