பூட்டில்லாத அலைகள்: சான்பாடா, மாட்டுங்கா, செம்பூர், 2008

2008ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் மாலை, அகமதாபாத்தில் முதல் குண்டு வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பு, செய்தித் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்து சேர்ந்தது. அன்றைய தொடர் குண்டுவெடிப்பில் 56 பேர் உயிரிழந்தனர். மின்னஞ்சல் புறப்பட்ட ஐ.பி. முகவரியைப் பின்தொடர்ந்த புலனாய்வாளர்கள் நவி மும்பையின் சான்பாடாவில் இருந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கதவைத் தட்டினர். அங்கு வாடகைக்குக் குடியிருந்தவர் ஓர் அமெரிக்கர். அவருடைய வைஃபை இணைப்புக்குக் கடவுச்சொல் இல்லை. ஆகஸ்டு 23 அன்று அதே அமைப்பின் பெயரில் வந்த அடுத்த மின்னஞ்சல் மாட்டுங்காவிலுள்ள கல்சா கல்லூரியின் வலையமைப்புக்கு இட்டுச் சென்றது. செப்டம்பர் 13 அன்று டெல்லிக் குண்டுவெடிப்புகளை ஒட்டி வந்த மூன்றாவது மின்னஞ்சல் செம்பூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் வைஃபை வழியாகச் சென்றிருந்தது.

இந்த மூன்று மின்னஞ்சல்களும் பயங்கரவாதத்தின் வரலாற்றில் ஒரு பத்தியாக இடம்பெறுவது வழக்கம். இந்தியத் தொழில்நுட்ப வரலாற்றிலும் அவற்றுக்கு இடமுண்டு. அந்த இடம் போதிய அளவு கவனிக்கப்படவில்லை. மடிக்கணினியைக் காற்றின் வழியே வலையமைப்பில் இணைத்தல் என்னும் எளிய செயலின் பொருள், இந்நகரில் அந்த ஏழு வாரங்களில் மாறியது. அதுவரை அது ஒரு வசதி. அதன்பின் அது காவல்துறைக்குக் கணக்குக் காட்டவேண்டிய ஒன்று.

கணக்குக் கேட்கும் மரபு பழையது. 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் தந்தித்தொடர்பை அரசின் தனியுரிமையாக்கியது. 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் அதற்கும் ஒருபடி மேலே சென்று, உரிமம் இன்றிக் கம்பியில்லாக் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. பயன்படுத்துவது வேறு, வைத்திருப்பது வேறு என்ற வேறுபாட்டை அச்சட்டம் பொருட்படுத்தவில்லை. வீட்டு வானொலிப் பெட்டிக்கு ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் பணம் கட்டி உரிமப் புத்தகத்தில் முத்திரை பெற்ற தலைமுறை இன்னும் நம்மிடையே உண்டு. பாட்டுக் கேட்பதற்கே உரிமம் கேட்ட அரசு, ஒலிபரப்பும் திறன்கொண்ட கருவியை மடியில் வைத்துக்கொண்டு திரிய எப்படி இசைந்தது என்பது நியாயமான கேள்வி.

அதற்கான விடை வெளிநாட்டில் தொடங்குகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைப்பட்டை, நுண்ணலை அடுப்பு போன்ற கருவிகளுக்கென ஒதுக்கப்பட்ட, தகவல்தொடர்புக்கு உதவாத குப்பைக்காடாக நெடுங்காலம் கருதப்பட்டது. 1985இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம், குறைந்த ஆற்றலில் அலையைப் பரப்பி அனுப்பும் கருவிகள் உரிமமின்றி அங்கு இயங்கலாம் என்றது. 1997இல் 802.11 என்னும் பொதுத் தரநிலை வந்தது. 1999இல் வந்த 802.11பி நொடிக்கு 11 மெகாபிட் வேகத்தைத் தொட்டது. அதே ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் ஐபுக் மடிக்கணினியில் இவ்வசதியைத் தந்தது. 2003 மார்ச்சில் இன்டெலின் சென்ட்ரினோ வந்தபின் வைஃபை மடிக்கணினியின் உள்ளுறுப்பாகிவிட்டது; தனி அட்டை வாங்கிச் செருக வேண்டியிருக்கவில்லை. கருவி நாட்டுக்குள் வந்துகொண்டே இருந்தது, சட்டம்தான் பின்தங்கியிருந்தது. 2005 ஜனவரியில் வெளியான அரசிதழ் அறிவிக்கை 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையான பட்டையில், நான்கு வாட் வரம்புக்கு உட்பட்ட கருவிகளுக்கு உரிமத் தேவையை நீக்கியது. 1933ஆம் ஆண்டுச் சட்டத்தில் விழுந்த முக்கியமான ஓட்டைகளில் ஒன்று இது. அரசே தன் கையால் போட்ட ஓட்டை.

காலமும் பொருந்தி வந்தது. 2004 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட அகன்றவரிசைக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தையே அகன்றவரிசை என்று வரையறுத்திருந்தது. இன்று நகைப்புக்குரிய எண். அன்று அது தொலைபேசிக் கம்பியின் கீச்சொலியிலிருந்து விடுதலை. எம்.டி.என்.எல். இணைப்பும், மொட்டைமாடிகளுக்கு இடையே கம்பி இழுத்த கேபிள்காரரின் இணைப்பும் மத்தியதர வர்க்க வீடுகளுக்குள் நுழைந்தன. கம்பியின் முனையில் ஒரு ரூட்டர் அமர்ந்தது. அதைப் பொருத்த வந்தவர் மடிக்கணினியில் இணையப் பக்கம் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். கடவுச்சொல் இடுவதற்கெனத் தனி வேலை எதுவும் இருப்பதாக வாங்கியவரும் நினைக்கவில்லை, பொருத்தியவரும் நினைக்கவில்லை. விண்டோஸ் எக்ஸ்பி மடிக்கணினியைத் திறந்தால் சுற்றிலுமுள்ள வலையமைப்புகளின் பட்டியல் வரும். சிலவற்றின் அருகே பூட்டுப் படம்; மற்றவற்றின் அருகே பாதுகாப்பற்ற வலையமைப்பு என்ற குறிப்பு. ரூட்டரைச் செய்த நிறுவனத்தின் பெயரே பல வலையமைப்புகளின் பெயராக இருக்கும். அவற்றில் ஒன்றைச் சொடுக்கினால் போதும். அலை சுவரோடு நிற்பதில்லை. பக்கத்து வீட்டுக்கும் மாடிப்படிக்கும் தெருவில் நிற்கும் காருக்கும் அது எட்டும்.

இந்தத் திறந்த நிலையைக் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லிவிடுவது சரியாகாது. உலகின் பல நகரங்களில் வைஃபையைத் திறந்துவைப்பது அண்டை வீட்டாருக்குச் செய்யும் உபகாரமாகவும் கருதப்பட்ட காலம் அது. திண்ணை கட்டி வழிப்போக்கருக்கு இடம்விட்ட சமூகத்துக்கு அந்த எண்ணம் புதிதுமில்லை.

மின்னஞ்சல் அனுப்பியவர்கள் ஏன் இவ்வழிக்கு வந்தனர் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 2007 நவம்பரில் உத்தரப் பிரதேச நீதிமன்ற வளாகங்களில் குண்டு வெடித்தபோது வந்த மின்னஞ்சல் கிழக்கு டெல்லியின் ஓர் இணைய மையத்திலிருந்து சென்றது. 2008 மே மாத ஜெய்ப்பூர்க் குண்டுவெடிப்பின்போது அது டெல்லியை அடுத்த சாகிபாபாத்தின் இணைய மையம் ஒன்றிலிருந்து சென்றது. இணைய மையத்தில் உரிமையாளர் இருப்பார். வந்தவரின் முகம் பார்ப்பார். அடையாள அட்டை கேட்டுப் பதிவேட்டில் எழுதும் வழக்கமும் பரவிக்கொண்டிருந்தது. திறந்த வைஃபைக்கு முகம் பார்க்கும் ஆள் இல்லை. இணைய மையங்களை இறுக்கியது சிக்கலைத் தீர்க்கவில்லை. அதை வீடுகளுக்கு இடம்பெயர்த்தது.

2008 அக்டோபரில் மும்பைக் காவல்துறை புணேயைச் சேர்ந்த சிலரைக் கைது செய்தது. அவர்கள் மடிக்கணினியோடு காரில் சுற்றி, பூட்டில்லாத வலையமைப்புகளைத் தேடிக் கண்டனர் என்பது காவல்துறையின் கூற்று. வரைபடத்தை விரித்துப் பார்ப்போருக்கு மூன்று இடங்களின் வரிசை புலப்படும். புணேயிலிருந்து மும்பைக்கு வரும் வண்டி பன்வேலைத் தாண்டியதும் சான்பாடாவைத் தொடுகிறது. வாஷிப் பாலத்தின் வழியே கடற்கழியைக் கடந்து மான்கூர்டு, செம்பூர் வழியாகச் சயானை அடைகிறது. சயானுக்குத் தெற்கே சற்றுத் தொலைவில் கிங்ஸ் சர்க்கிளும் கல்சா கல்லூரியும். சயானுக்கு மேற்கே, இருப்புப்பாதைக்கு அப்பால், தாராவி. மூன்று மின்னஞ்சல்களும் ஏறத்தாழ ஒரே சாலைவழியின் ஓரத்தில் காற்றில் ஏறியவை. குற்றம் என்றாலே தாராவியைச் சுட்டுவது இந்நகரின் பழக்கம். இப்பட்டியலில் தாராவி இல்லை. திறந்துகிடந்த அலைகள் படித்த, வசதியுள்ள வட்டாரங்களில்தான் இருந்தன. ரூட்டர் வாங்கும் வசதி அன்று அங்குதான் மிகுதி.

ஐ.பி. முகவரி எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பது இவ்வழக்கின் மையம். ஒரு ரூட்டரின் பின்னால் பத்துக் கருவிகள் இருந்தாலும் வெளியுலகுக்கு ஒரே முகவரிதான் தெரியும். அது கட்டணம் செலுத்துபவரின் முகவரி. உள்ளே எந்தக் கருவி எதை அனுப்பியது என்ற பதிவு வீட்டு ரூட்டர்களில் பெரும்பாலும் சிறிது நேரமே தங்கும். பல கருவிகளில் மின்சாரத்தை அணைத்தால் அதுவும் போய்விடும். கருவியின் வன்பொருள் எண்ணை மென்பொருளால் மாற்றவும் முடியும். ஆக, முகவரி ஒரு வீட்டைக் காட்டும், மனிதரைக் காட்டாது. சான்பாடாக் குடியிருப்பாளர் வாரக்கணக்கில் விசாரணைக்கு உள்ளானதும், மின்னஞ்சலை அனுப்பியவர் அவரில்லை என்ற முடிவுக்கே இறுதியில் வந்து சேர்ந்ததும் இந்த இடைவெளியின் விளைவுகள்.

அந்த இடைவெளியை எப்படி நிரப்புவது என்பதற்கு அரசு கண்ட விடை, பொறுப்பைக் குடியிருப்பாளர்மீது ஏற்றுவது. நவம்பர் 26 தாக்குதலுக்குப் பிந்தைய அச்சத்தின் நடுவே, 2009 ஜனவரியில், மும்பைக் காவலர்களே மடிக்கணினியுடன் தெருத்தெருவாகச் சென்று திறந்த வலையமைப்புகளைத் தேடினர். பூட்டாதோருக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் அறிவிப்பு வரும் என்று எச்சரித்தனர். குற்றம் சாட்டப்பட்டவர்கள் செய்ததாகச் சொல்லப்பட்ட அதே செயலை, அதே கருவியுடன், காவல்துறை செய்தது. வீட்டு வைஃபையைத் திறந்துவைப்பது குற்றம் என்று எந்தச் சட்டமும் அப்போது சொல்லவில்லை. போதாக்குறைக்கு, பூட்டச் சொன்னவர்கள் எந்தப் பூட்டு என்பதில் கவனம் செலுத்தவில்லை. பழைய ரூட்டர்கள் பலவற்றில் கிடைத்த வெப் என்னும் மறையாக்க முறையின் பலவீனத்தை ஃப்ளூரர், மான்டின், ஷமீர் ஆகியோர் 2001இலேயே வெளிப்படுத்தியிருந்தனர்.

2009 பிப்ரவரி 23 அன்று தொலைத்தொடர்புத் துறை இணையச் சேவை நிறுவனங்களுக்கு ஓர் அறிவுறுத்தலை அனுப்பியது. பொதுவிடத்து வைஃபையைப் பயன்படுத்த வருபவர், புகைப்பட அடையாளத்தின் நகலைத் தரவேண்டும், அல்லது கைபேசிக்குக் குறுஞ்செய்தியாக வரும் கடவுச்சொல்லைக் கொண்டு நுழையவேண்டும். அந்தப் பதிவு ஓராண்டு பாதுகாக்கப்படவேண்டும். விமான நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் காப்பிக் கடையிலும் இன்று மடிக்கணினியை இணைக்க முற்படுபவர் முதலில் கைபேசி எண்ணை இட்டுவிட்டுக் காத்திருக்கும் அந்த அரை நிமிடத்தின் பிறப்பிடம் இவ்வறிவுறுத்தல்தான். 2010 டிசம்பரில் வாரணாசிக் குண்டுவெடிப்பை ஒட்டி வந்த மின்னஞ்சல் மீண்டும் நவி மும்பைக்கே, வாஷியில் பூட்டில்லாத ஒரு வைஃபைக்கே, இட்டுச் சென்றது. சான்பாடாவிலிருந்து வாஷி ஒரு ரயில் நிறுத்தம்.

தாராவிக்கு வைஃபை வந்த வழி வேறு. இரண்டரை சதுர கிலோமீட்டருக்கும் குறைவான, சில லட்சம் மக்கள் வாழும் இவ்விடத்தில் ஓர் அறையின் சுவர் இன்னோர் அறையின் சுவர். தகரம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். செங்கல் பாதியை விழுங்கிவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே: 1, 6, 11. ஒரு சந்தில் பத்து ரூட்டர்கள் இருந்தால் அவை ஒன்றையொன்று காத்திருக்கவைக்கும். வைஃபை என்னும் தொழில்நுட்பம் தோட்டத்துக்கு நடுவே நிற்கும் தனிவீட்டைக் கற்பனை செய்து உருவானது என்பது தொண்ணூறடிச் சாலையின் உட்சந்துகளில் தெளிவாகத் தெரியும்.

பொது வைஃபைத் திட்டங்களும் வந்தன. 2016 ஜனவரியில் ரயில்டெல்லும் கூகுளும் மும்பை சென்ட்ரலில் தொடங்கியது நாட்டின் 400 நிலையங்களுக்கும் மேல் விரிந்து, 2020இல் கூகுள் விலகியது. 2017 ஜனவரியில் மாநில அரசு மும்பையில் 500 இடங்களில் வைஃபையைத் தொடங்கியது. இவற்றைவிடப் பெரிய மாற்றத்தை உண்டாக்கியது 2016 செப்டம்பரில் வந்த ஜியோ. மலிவான தரவும், கைபேசியையே ரூட்டராக்கும் ஹாட்ஸ்பாட் வசதியும் சேர்ந்தபோது, தாராவியில் மடிக்கணினியின் வலையமைப்பு என்பது மேசைமேல் இருக்கும் பெட்டியாக இல்லாமல், அண்ணன் சட்டைப்பையில் இருக்கும் கைபேசியாக ஆனது. அண்ணன் வேலைக்குப் போனால் வலையமைப்பும் போய்விடும். 2020 மார்ச்சில் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டபோது இதன் முழுக் கனமும் மாணவர்மீது விழுந்தது. பக்கத்து வீட்டுக் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிப் படித்த மாணவர்களுக்கு அது கல்வி. 2009இன் தருக்கப்படி அது, யார் யாரென்று பதிவில்லாத பயன்பாடு.

2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம்-வாணி திட்டம் இந்த முடிச்சைச் சற்றுத் தளர்த்தியது. பழைய எஸ்.டி.டி. பூத்தைப் போல, பெட்டிக்கடைக்காரரும் உரிமமோ பதிவோ கட்டணமோ இன்றி வைஃபை விற்கலாம். 1933ஆம் ஆண்டுச் சட்டத்தை நினைத்துப் பார்த்தால் இது சிறிய நெகிழ்வன்று. ஆயினும் பயன்படுத்துவோரை அடையாளம் காணும் பொறுப்பு நீங்கவில்லை. அது கடைக்காரரிடமிருந்து செயலிக்கு இடம்மாறியது.

1885, 1933 ஆகிய இரு சட்டங்களுக்கும் மாற்றாக வந்த 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் ஒரு விதி உண்டு: அரசு அறிவிக்கும் சேவைகளை வழங்கும் நிறுவனங்கள், சேவை பெறுவோரை உயிரியளவு அடையாளத்தின் வழியே சரிபார்க்கவேண்டும். சிம் அட்டையை வாங்கும்போது கைரேகை வைத்தவர் அண்ணன். மாலையில் அவருடைய ஹாட்ஸ்பாட்டில் இணையும் மடிக்கணினி தங்கையுடையது. அதைச் சில நேரம் எதிர்வீட்டு மாணவியும் பயன்படுத்துகிறார். வெளியே செல்லும் பதிவில் நிற்கும் பெயர், 2008இல் சான்பாடாவில் நின்றதைப் போலவே, கட்டணம் செலுத்துபவருடையது.