உணவுக்குழாய்க் கிழிசல்: கத்தியா, காத்திருப்பா?

1723ஆம் ஆண்டு. நெதர்லாந்துக் கடற்படைத் தளபதி வாசெனார் பிரபு விருந்துண்ட பின் வயிறு சங்கடப்படவே, வாந்தி வரவழைக்கும் மருந்தைக் குடித்தார். ஓங்கரித்தபோது நெஞ்சுக்குள் ஏதோ கிழிந்துவிட்டதென்று அலறினார். ஒரு நாள் முழுதாகக் கழிவதற்குள் உயிர் பிரிந்தது. அவரைக் கவனித்த பேராசிரியர் ஹெர்மன் பூர்ஹாவே பிரேதப் பரிசோதனையில் மார்பைத் திறந்தபோது வாத்துக்கறி வாசம் எழுந்தது. உணவுக்குழாய் அறுந்து, உண்டதும் குடித்ததும் நுரையீரலைச் சுற்றித் தேங்கிக் கிடந்தன. வாந்தியால் நேரும் கிழிசல் இன்றும் பூர்ஹாவேயின் பெயரால்தான் வழங்குகிறது. அதைத் தைத்து ஒருவரைப் பிழைக்கவைத்த நார்மன் பாரெட்டின் லண்டன் அறுவை 1947இல்தான் பதிவானது.

இரைப்பைக்கும் குடலுக்கும் இருக்கும் உறுதியான வெளியுறை உணவுக்குழாய்க்கு இல்லை. கிழிந்தால், ஒவ்வொரு மூச்சிலும் மார்பறை இழுக்கும் விசையில் எச்சிலும் அமிலமும் கிருமிகளும் வெளியே உறிஞ்சப்படுகின்றன. வாய்வழி எதுவும் கொடுக்காவிட்டாலும் எச்சில் சுரப்பது நிற்பதில்லை.

ஆகவே எல்லோருக்கும் கத்தி என்பதே நெடுங்காலம் விதியாயிருந்தது. 1979இல் கேமரனும் உடன்பணியாற்றியோரும் அதைத் தளர்த்தினார்கள். கசிவு நடுமார்புக்குள்ளேயே அடங்கி, எக்ஸ்ரேக்காகக் குடிக்கக் கொடுத்த சாயம் மீண்டும் குழாய்க்குள் வடிந்து, நோயாளிக்குத் தொல்லையும் நச்சேற்றத்தின் அறிகுறியும் மிகக் குறைவாக இருந்தால் அறுவையின்றிப் பார்க்கலாம் என்றார்கள். இன்று பெரும்பாலான துளைகள் எண்டோஸ்கோப்பி செய்யும்போதோ, குறுகிய குழாயை விரிக்கும்போதோ நேர்பவை. வயிறு வெறுமையாக இருக்கும். துளையும் பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும். கழுத்துப் பகுதித் துளைகளிலும் பல கத்தியின்றி ஆறுகின்றன. வாந்தியில் கிழிந்து, உணவு மார்பறைக்குள் கொட்டிய நோயாளியை இவர்களோடு ஒரே தட்டில் வைத்துப் பேசக்கூடாது. அவருக்குத் தாமதமே எமன்.

அறுவையிலும் ஏமாற்றும் இடம் ஒன்றுண்டு. வெளியே தெரியும் தசைக் கிழிசலைவிட உள்ளே சளிப்படலக் கிழிசல் நீளமாக இருக்கும். தசையை மேலும் கீழும் வெட்டித் திறந்து, சளிப்படலத்தின் இரு முனைகளையும் கண்ணால் பார்த்த பிறகே தைக்க வேண்டும். இல்லையேல் தையலுக்கு அப்பால் கசிவு தொடரும். விலா இடைத் தசையை எடுத்து அதன்மேல் போர்த்துவது நல்லது. கீழே அடைப்பிருந்தால் அதையும் தீர்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் தையல் நிற்காது. 24 மணி நேரம் கடந்தால் தைக்கவே கூடாதென்று முன்பு கற்பித்தார்கள். திசு நலமாயிருந்தால் அதற்குப் பின்னும் தைக்கலாம் என்பதே என் கருத்து. கடிகாரத்தைவிடத் திசுவைத்தான் நம்ப வேண்டும்.

அறுவையில்லாத காப்பு சிகிச்சை என்றதும் சும்மா படுக்க வைத்திருப்பதாகச் சிலர் எண்ணுகிறார்கள். அது மிகக் கடினமான வேலை. ஆன்டிபயாடிக், குடலுக்குள் குழாய் வழி ஊட்டம், தேங்கிய சீழை வடித்தல், திரும்பத் திரும்ப சி.டி. ஸ்கேன் என்று ஓய்வே கிடையாது. இப்போது ஸ்டென்ட் வைக்கிறோம். துளைக்குள் பஞ்சு வைத்து வெற்றிடத்தால் உறிஞ்சும் முறையும் வந்திருக்கிறது. அந்தப் பஞ்சைச் சில நாட்களுக்கொருமுறை எண்டோஸ்கோப்பியில் மாற்ற வேண்டும். இரவில் நாடி ஏறினாலோ காய்ச்சல் திரும்பினாலோ கழுத்துத் தோலடியில் காற்று நொறுநொறுவென்று கைக்குத் தட்டுப்பட்டாலோ விடியும்வரை பொறுக்கக் கூடாது. அதனால் காப்பு சிகிச்சையைத் தொடங்கும் நாளிலேயே மயக்க மருத்துவருக்கும் அறுவை அரங்குக்கும் சொல்லி வைத்துவிட வேண்டும்.