துண்டுச் சீட்டும் கடன் அட்டையும்

மன்னார் என்றதும் மாதோட்டத் துறைமுகமும், திருக்கேதீச்சரமும், அரிப்புக் கடலின் முத்துக்குளிப்பும் நம் நினைவுக்கு வருகின்றன. வரலாற்று நூல்களும் இவற்றையே விரித்துரைக்கின்றன. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கரையை மிதித்துச் சென்ற ஆயிரமாயிரம் மனிதர் வணிகரும் அல்லர், யாத்திரிகரும் அல்லர். அவர்கள் கடனாளிகள். முத்தின் விலையை எழுதி வைத்தவர்கள் இவர்கள் சுமந்த கடனின் கதையைச் சொல்லாமல் விட்டது தற்செயல் அன்று.

கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து உழைப்பாளர் திரட்டப்பட்டனர். தோணிகளில் வந்து மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை கால்நடையாகவே சென்றனர். தண்ணீரற்ற காட்டுவழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானோர் பலர். அந்நூற்றாண்டின் இறுதி வரை வடபாதை எனப்பட்ட இவ்வழி மனித எலும்புகளின் மேல் இட்ட வழியாகவே இருந்தது.

நடந்து வந்தவன் வெறுங்கையோடு வந்தான். ஆயினும் வெறும் மனிதனாக வரவில்லை. தோட்டத்துரை கங்காணியிடம் முன்பணம் கொடுத்தனுப்பினார். கங்காணி கிராமத்துக்குப் போய் அங்கிருந்த பழைய கடனைத் தீர்த்தான். வழிச் செலவுக்கும் கொடுத்தான். அத்தனையும் தொழிலாளியின் பெயரிலேயே பற்றெழுதப்பட்டது. முதற் கொழுந்தைக் கிள்ளுவதற்கு முன்பே, முதற் பழத்தைப் பறிப்பதற்கு முன்பே, அவன் கடன்பட்டவனாகிவிட்டான். சம்பளமோ மாதக் கணக்கில் பிந்தியே வந்தது. இடைப்பட்ட நாட்களில் உண்ட அரிசியும் உடுத்த கம்பளியும் அதே கணக்கில் ஏறின.

தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக விரும்பினால் என்ன வழி? அதற்குத்தான் 'துண்டு' என்ற முறை இருந்தது. இவ்வளவு கடனைச் செலுத்தினால் இந்த ஆட்களை விடுவிப்பேன் என்று துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். கங்காணி அதை எடுத்துக்கொண்டு வேறொரு தோட்டத்துக்குப் போவான். அங்குள்ள துரை கடனைச் செலுத்துவார். ஆட்கள் இடம் மாறுவார்கள். பழைய கடன் தீர்ந்ததா? இல்லை. புதிய துரையின் பேரேட்டில் அது புதிய கடனாயிற்று. ஆட்களுக்குத் தோட்டங்கள் போட்டியிட்ட காலத்தில், ஒவ்வொரு துண்டிலும் தொகை ஏறிக்கொண்டே போனது. தொழிலாளி தன் கையால் தொட்டறியாத பணத்துக்கும் அவனே பொறுப்பாளியானான். ஓடிப்போவதும் எளிதன்று. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வேலையை விட்டு ஓடியவனைச் சிறைக்கு அனுப்பியது.

இதில் அடங்கியிருக்கும் உண்மையை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். கடன் கைமாறுவது வேறு. கடன் தீர்வது வேறு. துண்டு முறையில் கடன் கொடுத்தவர் மாறினார், கடனாளி மாறவில்லை. சுமையை இறக்கி வைத்தாற் போன்ற தோற்றம் சில நாள் இருந்தது. பிறகு அதே சுமை கனம் கூடித் தோளில் ஏறியது.

1914ஆம் ஆண்டில் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பல் ஓடத் தொடங்கியது. காட்டுவழி நடை ஒழிந்தது, கடன் ஒழியவில்லை. அது இப்போது கப்பலிலும் ரயிலிலும் வந்தது! அதை அசைத்தது வேறொரு சக்தி. 1919இல் பொன்னம்பலம் அருணாசலமும் பெரி. சுந்தரமும் தொழிலாளர் நலனுக்கென ஒரு கழகம் அமைத்தனர். இந்தியாவில் எழுந்த தேசிய இயக்கத்தின் கண்டனமும் சேர்ந்துகொண்டது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1923ஆம் ஆண்டின் சட்டத்தால், ஆள் திரட்டும் செலவு முதலாளிமாரிடம் திரட்டிய பொது நிதியின் பொறுப்பாயிற்று. தொழிலாளியின் கணக்கில் ஏறும் கடனாக இருந்த நிலை மாறிற்று. வறுமை இதனால் நீங்கிவிட்டது என்று யாரும் சொல்லார். எனினும் ஒன்று தெளிவு: எந்தத் தனித் தொழிலாளியும் சிக்கனத்தால் துண்டை வென்றதில்லை. செலவு யாருடையது என்ற கேள்வியை மன்றில் எழுப்பிய பிறகே துண்டு கிழிந்தது.

தோட்டத்துக்குப் போனவர் கதை இது. மன்னார்க் கரையிலேயே தங்கிவிட்ட மீனவர் கதை என்ன? வள்ளமும் வலையும் வாங்கச் சம்மாட்டியிடம் முற்பணம். பிடித்த மீன் சம்மாட்டிக்கே. விலையும் அவர் சொன்னதே. இங்கே வட்டி என்ற சொல்லே வாயில் வருவதில்லை. மீனின் விலையில் குறைகிற காசு யாவும் வட்டியே என்பதைப் பேசாலையிலும் வங்காலையிலும் கடலோடிகள் அறிவார்கள். ஆனால் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அது எழுதப்படுவதில்லை.

பிறகு போர் வந்தது. 1990இல் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் துரத்தப்பட்டனர். போரின் இறுதி ஆண்டுகளில் பெருநிலப் பகுதியின் தமிழ் மக்கள் ஊரூராகப் பெயர்ந்தனர். 2009க்குப் பின் திரும்பி வந்தவருக்கு வள்ளமில்லை, வலையில்லை, கூரையில்லை. அந்த வெறுமைக்குள் நுண்நிதி நிறுவனங்கள் புகுந்தன. பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர் கட்ட வேண்டும் என்று பிணைத்தன. கிழமைக்குக் கிழமை வசூலிப்பவர் படலையில் வந்து நின்றார். தவணை கட்ட இன்னொரு நிறுவனத்தில் கடன். அதைக் கட்ட மூன்றாவதில் கடன். துண்டுச் சீட்டு மீண்டும் பிறந்துவிட்டது. இம்முறை அதைச் சுமந்து திரிந்தவள் கடனாளியே. 2018 செப்டம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் கடன் விவகார நிபுணர் குவான் பாப்லோ போகோஸ்லாவ்ஸ்கி, ஆண்டு வட்டி 220 விழுக்காடு வரை எட்டியதைச் சுட்டிக்காட்டினார்.

அதே ஆண்டு அரசாங்கம், வறட்சியால் தாக்குண்ட 12 மாவட்டங்களின் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களில் கட்ட இயலாதவற்றைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. வட்டிக்கு 35 விழுக்காடு என்ற உச்சவரம்பையும் விதித்தது. நன்று. ஆயினும் தள்ளுபடி ஒருமுறைச் செயல். கடன் வாங்கச் செய்த தேவையோ மறுகிழமையும் இருந்தது. ஆகவேதான் 2021இல் பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர். அவர்கள் பேசியது சிங்களம். ஆனால் அவர்களுடைய வழக்கு மன்னார்ப் பெண்ணின் வழக்கே.

சம்பளம் வாங்கும் ஆசிரியரும் எழுதுவினைஞரும் இதை அயலார் துன்பமாக எண்ண வேண்டாம். நம் சட்டைப் பையிலிருக்கும் கடன் அட்டையும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் போதும் என்று அது கனிவாகச் சொல்லும். மிகுதிக்கு வட்டி ஏறும். வட்டிக்கும் வட்டி ஏறும். ஒரு வங்கியின் பாக்கியை இன்னொரு வங்கி செலுத்தித் தன்பால் மாற்றிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. பழைய துண்டை அறிந்தவருக்கு இது புதிதாகத் தோன்றுமா?

அப்படியானால் கடன்பட்டவர் என்ன செய்வது? வழிகளை வரலாற்றின் தராசில் நிறுத்துப் பார்ப்போம். கடனை மாற்றுவது, வட்டி உண்மையிலேயே குறைந்து, புதுக் கடன் அறவே நின்றால் மட்டும் பயன் தரும். இல்லையேல் அது துண்டு. தாலிக்கொடியை அடகு வைத்துத் தவணை கட்டுவது, மீட்கும் வருமானம் கண்ணுக்குத் தெரிந்தால் ஒழிய, ஒரு கடனை இரண்டாக்கும். தலைமறைவாவது குழுவிலுள்ள ஏழை அயலாளின் தலையில் சுமையை இறக்கும். கடன் கொடுத்தவரிடம் நேரில் சென்று, வட்டியை நிறுத்தி முதலைத் தவணையாகக் கட்டப் பேசுவது மானக்கேடு அன்று. பெரும் வணிகரும், 2022இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென அறிவித்த நமது அரசுமே அப்படித்தான் பேசினர். அரசுக்கு இழுக்கில்லாத பேச்சுவார்த்தை மீனவப் பெண்ணுக்கு மட்டும் இழுக்காவது ஏன்?

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு வழி உண்டு. 1911ஆம் ஆண்டின் சட்டத்தோடு இந்நாட்டில் ஐக்கிய நாணய சங்கங்கள் தோன்றின. உறுப்பினரின் சேமிப்பு உறுப்பினருக்கே குறைந்த வட்டியில் கடனாகும்; கணக்கைக் கூட்டத்தில் எவரும் கேட்கலாம். மீனவர் கூட்டுறவுச் சங்கம் மீனை விற்கும் உரிமையையும் கையில் எடுத்தால், சம்மாட்டியின் கண்ணுக்குத் தெரியாத வட்டியும் வெளிச்சத்துக்கு வரும். நலிந்துபோன சங்கங்களை மீட்டெடுப்பது கடினமே. அவற்றின் கணக்குகளை எழுதவும் சரிபார்க்கவும் படித்தவர் வேண்டும். மன்னார்க் கரையின் பாடசாலைகளில் அத்தகையோர் இருக்கின்றனர்.

தனியொருவரின் ஒழுக்கக் குறையாகக் கடனைக் காட்டுவது கடன் கொடுப்போருக்கு எக்காலத்தும் வசதியானது. துண்டு எழுதிய துரையும் கூலியை ஊதாரி என்றே ஏசினார். அவர் எழுதிய துண்டைச் செல்லாததாக்க ஒரு தலைமுறை ஒன்றுகூடிப் பேச வேண்டியிருந்தது. நம் தலைமுறையின் பேச்சு இன்னும் படலைக்கு உள்ளேயே நிற்கிறது. அதை வெளியே கொண்டுவருவதே முதல் வேலை.