பாட்டுகளைச் சேர்த்து வைத்த ஆசிரியர்



நம்ம ஊர் மூவர் கோயிலைக் கட்டிய பூதி விக்கிரமகேசரியின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. அவருடைய தேவியர் கற்றளி, வரகுணை பெயர்களும் இருக்கின்றன. அந்தக் கல்லைச் சுமந்தவர்கள் களைப்புத் தெரியாமல் என்ன பாடினார்கள் என்பது எங்கும் இல்லை.

இப்படி அழிந்துபோக இருந்த பாட்டுகளைத் தேடிச் சேர்த்தவர் பேராசிரியர் நா. வானமாமலை (1917–1980). நாங்குநேரிக்காரர். பள்ளி ஆசிரியராக இருந்து, பிறகு பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தியவர். எஸ்.எஸ். போத்தையா போன்ற நண்பர்கள் ஊர் ஊராகச் சேகரித்துத் தர, 1964-ல் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' நூலைக் கொண்டுவந்தார். 1967-ல் நெல்லை ஆய்வுக் குழு, 1969-ல் 'ஆராய்ச்சி' இதழ் என்று தொடர்ந்தார். கட்டபொம்மன், கான்சாகிபு, முத்துப்பட்டன் கதைப்பாடல்களைப் பதிப்பித்தார்.

முத்துப்பட்டன் கதை முக்கியமானது. பிராமண இளைஞன், சக்கிலியர் குலத்துப் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, மாமனாரின் மாடுகளைக் காக்கப் போராடி உயிர்விட்டான். பின்னால் வந்த அச்சுப் பிரதிகளில், அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்களே என்று கதையை மாற்றிவிட்டார்கள். சாதி மீறிய கல்யாணத்தை அவர்களால் ஏற்க முடியவில்லை. இந்த மாற்றத்தை நா.வா. எடுத்துக் காட்டினார். மக்கள் பாடியபடியே எழுதி வைக்காவிட்டால், உண்மையை யார் வேண்டுமானாலும் மாற்றலாம்.

பிரான்ஸ் நாட்டிலும் இதே பிரச்சினை வந்தது. பிரெத்தோன் மொழிப் பாட்டுகளை வில்மார்க்கே 1839-ல் நூலாக்கினார். அவர் மெருகேற்றி அச்சிட்டார் என்று குற்றம் சொன்ன லூசெல், கேட்டதைக் கேட்டபடியே பதிப்பித்தார்.

நம் பக்கத்து நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி தெரிந்தவர்கள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். நடவுக்கு இயந்திரம் வந்தபின் பாட்டுக்கு வேலையில்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது, அப்பத்தாவிடம் உட்கார்ந்து கைபேசியில் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், ஊர், எப்போது பாடுவது என்பதையும் குறித்து வையுங்கள். ஒரு சொல்லையும் திருத்தாதீர்கள். கொச்சை என்று சிவப்பு மையில் சுழித்தது வகுப்பறையோடு போகட்டும்.

யாரிடமாவது பாட்டு இருந்தால் கீழே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
கொடும்பாளூர்.