தாளத்தின் மேல் பாடியவர்களும் தாளத்தை வாசித்தவர்களும்

ஜமைக்காவில் 'ரிதிம்' என்றொரு சொல் உண்டு. டிரம்ஸும் பேஸ் கிதாரும் சேர்ந்த அடித்தாளம் அது. ஒருமுறை பதிவாகிவிட்டால் அதே தாளத்தின் மேல் பத்துப் பேர், ஐம்பது பேர் தங்கள் பாட்டைப் பாடுவார்கள். சொல் வேறு, மெட்டு வேறு, குரல் வேறு. அடியில் ஓடுவது ஒன்றுதான்.

இது இசைக் கல்லூரியில் பிறந்ததல்ல. கிங்ஸ்டன் நகரத்து ஏழைகளுக்குத் தெருவில் அடுக்கிவைத்த ஒலிபெருக்கிகள்தாம் கச்சேரி. 1960களின் இறுதியில் குரலை நீக்கி இசையை மட்டும் ஒலிக்கவிட்டபோது, கூட்டமே அந்தப் பாட்டைப் பாடியதாகச் சொல்வார்கள். அந்த வெற்றிடத்தில்தான் மைக் பிடித்துப் பேசுகிற டீஜே வந்து நின்றார். 1970இல் யூ-ராய், ஏற்கெனவே வெளிவந்த பாட்டுகளின் தாளங்கள்மேல் பேசிப் பதிவுசெய்த இசைத்தட்டுகள் பெருவெற்றி பெற்றன. பாடகராக இல்லாதவருக்கும் சொல்ல ஏதாவது இருந்தால் போதும் என்றாயிற்று. இதை நாம் சிறிய காரியமாக நினைக்கவில்லை.

ஆனால் இதைப் பொதுவுடைமை என்று கொண்டாடிவிட்டுப் போக நமக்கு மனம் வரவில்லை. ஜமைக்கா 1962இல் விடுதலை பெற்றது. பதிப்புரிமைக்கோ 1993 வரை பிரிட்டிஷாரின் 1911ஆம் ஆண்டுச் சட்டமே இருந்தது. அதுவும் பெயரளவில்தான். யாரும் யார் தாளத்தையும் எடுக்கலாம் என்பதால் கலை செழித்தது உண்மை. அதே காரணத்தால் வாசித்தவர்கள் அன்றைய கூலியோடு வீட்டுக்குப் போனதும் உண்மை. நாடா தயாரிப்பாளரின் அலமாரியில் இருந்தது. ஸ்டூடியோ ஒன் கூடத்தில் சவுண்ட் டைமென்ஷன் குழு 1967இல் வாசித்த 'ரியல் ராக்' மேல், சுமார் பத்தாண்டு கழித்து வில்லி வில்லியம்ஸ் 'ஆர்மகிடியன் டைம்' பாடினார். 1979இல் லண்டனின் கிளாஷ் குழு அதைத் தானும் பாடி வெளியிட்டது. தாளம் கடல் கடந்துபோனது.

1985இல் இன்னொரு திருப்பம். வெய்ன் ஸ்மித்தின் 'ஸ்லெங் டெங்', காசியோ எம்டி-40 என்ற மலிவான கீபோர்டில் முன்பே பதிந்திருந்த தாளத்தில் உருவானது. அந்தத் தாளத்தை அமைத்தவர் ஒகுடா ஹிரோகோ என்ற ஜப்பானியப் பெண். தயாரிப்பாளருக்கு இனி வாசிப்பவர்களே தேவையில்லை. அந்தக் கூலியும் போயிற்று.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேசவேண்டும். 1973இல் ஆன்செல் காலின்ஸ் பதிவுசெய்த 'ஸ்டாலாக்' தாளத்தின் மேல் 1982இல் சிஸ்டர் நான்சி 'பாம் பாம்' பாடினார். டீஜே மேடை முழுக்க ஆண்களாக இருந்த காலம். அந்தப் பாட்டு உலகமெங்கும் சுற்றியது. திரைப்படத்தில் வந்தது, மற்றவர்களின் பாட்டுகளுக்குள் வெட்டி ஒட்டப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதிலிருந்து உரிமைத்தொகை அவருக்கு வரவில்லை. ஒரு விளம்பரத்தில் தன் குரலைக் கேட்ட பிறகுதான் வழக்கறிஞரை அணுகி, பாட்டின் உரிமையில் ஒரு பங்கைப் பெற்றார். அதுவரை அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு வங்கியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்.