சிப்பி மேடு சொல்லும் சரித்திரம்



கடலோரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் வெகுதூரம் வற்றிப் போகும். அதுவும் ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்து வந்துவிட்டால் லயத்தில் யாரும் வீடு தங்க மாட்டார்கள். ஒரு வாளி, பழைய கரண்டி, இல்லாவிட்டால் முனை உடைந்த கத்தி. இவற்றோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம்.

ஈர மணலில் ஊசியால் குத்தியது போல இரண்டு சின்ன ஓட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தால் அடியில் சிப்பி இருக்கிறது என்று அர்த்தம். அது மூச்சு விடும் வழி அதுதான். நாலு விரல் ஆழம் தோண்டினால் கையில் வந்துவிடும். என் பாட்டி கண்ணால் தேடவே மாட்டார். குதிகாலை மணலில் திருகிக்கொண்டே நடப்பார். கல் மாதிரித் தட்டுப்பட்டதும் குனிவார். வீட்டுக்குக் கொண்டுவந்து உப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப் போட்டால் மணலைக் கக்கிவிடும். ஆசைப்பட்டு அன்றைக்கே ஆக்கினால் பல்லெல்லாம் நறநறதான்! வெந்த பிறகும் வாய் திறக்காத சிப்பியைப் பாட்டி எடுத்து எறிந்துவிடுவார். “அது முன்னமே செத்ததுடா, தொடாதே” என்பார்.

தின்று முடித்த ஓடு எங்கே போகும்? வீட்டுக்குப் பின்னால் குப்பைக்குத்தான். அந்தக் குப்பையைப் பற்றித்தான் இங்கே உங்களோடு பேச விரும்புகிறேன்.

வட செபராங் பிறையில், பெனாகா பக்கம், மூடா ஆற்றின் தென்கரையில் குவார் கெப்பா என்று ஓர் ஊர் இருக்கிறது. மலாய் மொழியில் ‘குவார்’ என்றால் மேடு. ‘கெப்பா’ என்றால் சிப்பி. நாம் சந்தையில் வாங்கும் கெராங் வேறு, இது வேறு. கெராங் சேற்றில் வளர்வது. முதுகில் வரிவரியாக இருக்கும். பிளந்தால் ரத்தச் சிவப்பு. கெப்பாவின் ஓடு வழவழப்பானது. மணலில் புதைந்து கிடப்பது. பாட்டியின் குதிகாலில் தட்டுப்பட்டது இதுதான்.

பெயருக்கேற்ப அங்கே ஒரு காலத்தில் சிப்பி ஓட்டாலேயே ஆன மூன்று பெரிய மேடுகள் இருந்தன. ஆள் உயரத்துக்கும் மேலே எழும்பி நின்றவை. கடல் கொண்டுவந்து கொட்டியதல்ல அது; மனிதர்கள் தின்று போட்டது! இன்று அந்த இடம் கடலிலிருந்து சில மைல் உள்ளே இருக்கிறது. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இப்போதைவிடச் சில மீட்டர் உயரமாக இருந்ததால் கரை அந்தப் பக்கமே வந்து நின்றது. வற்றிய மணலில் இறங்கித் தோண்டினார்கள், தின்றார்கள், ஓட்டைப் போட்டார்கள். அப்பன் போட்ட இடத்திலேயே மகனும் போட்டான். அப்படித் தலைமுறை தலைமுறையாகக் குவிந்த மேடு அது.

ஓட்டோடு ஓடாகக் கல் கோடரிகள், அரைக்கும் கற்கள், மண்சட்டித் துண்டுகள் கிடைத்தன. செத்தவர்களையும் அந்த மேட்டுக்குள்ளேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். இங்கே ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டு மண் மழையில் ஊறிப் புளித்த மண். அதில் புதைத்த எலும்பு வெகுகாலம் நிற்காது, கரைந்துவிடும். சிப்பி ஓட்டில் இருப்பதோ சுண்ணாம்புச் சத்து. அது புளிப்பை முறித்துவிடும். அதனால்தான் அவர்களுடைய எலும்புகள் நமக்காகக் காத்துக் கிடந்தன.

காப்பாற்றிய அந்தச் சுண்ணாம்பே எமனாகவும் வந்தது. பினாங்கும் வெல்லஸ்லி மாநிலமும் வளர்ந்துகொண்டிருந்த காலம். செங்கல் அடுக்கவும் சுவர் பூசவும் சுண்ணாம்பு வேண்டும், வெற்றிலைக்கு வேண்டும், நம் முன்னோர்கள் கப்பலில் வந்து இறங்கிய கரும்புத் தோட்டங்கள் இருந்தனவே, அப்படிப்பட்ட ஆலைகளில் கருப்பஞ்சாற்றைத் தெளிய வைக்கவும் சுண்ணாம்புதான். (சிங்கப்பூரில் 1861இல் திறக்கப்பட்ட செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டிய இந்தியக் கைதிகள், சிப்பிச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் குழைத்து, பளிங்கு போல் மின்னும்படி பூசினார்கள். நம் ஊர்க் கொத்தனார் கைவித்தை அது.) சும்மா கிடக்கிற ஓட்டு மலையை யார் விடுவார்கள்? வெட்டிக் காளவாயில் போட்டு நீற்றினார்கள்.

ஏர்ல் என்ற ஆங்கில அதிகாரி அங்கே போனபோது, சீனச் சுண்ணாம்புக்காரர்கள் ஏற்கெனவே மேட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு வேலை பார்த்தவர்கள். ஆனால் விவரம் தெரிந்த ஏர்ல் அந்த மேடுகளைப் பற்றி எழுதிய கட்டுரை 1863இல் லண்டனில் அச்சேறிய பின்னும் வெட்டு நிற்கவில்லையே! 1934இல் டச்சு ஆராய்ச்சியாளர் வான் ஸ்டைன் காலன்ஃபெல்ஸ் முறையாகத் தோண்ட வந்தபோது பெரும்பகுதி போய்விட்டது. மிச்சமிருந்த அடிப்பகுதியில் எடுத்த எலும்புகளும் கடல் கடந்து நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போய்ச் சேர்ந்தன.

நாமும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கெடா. கடாரம் என்றாலே நமக்கு நெஞ்சு நிமிர்கிறது. ராஜேந்திர சோழனின் கடற்படை 1025இல் வந்ததை மேடைக்கு மேடை பேசுகிறோம், பேச வேண்டியதுதான். அதற்கும் நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்னால், இந்தப் பக்கத்துக் கரையில் சிப்பி தோண்டியவர்களைப் பற்றி எந்த மேடையில் பேசினோம்? அவர்களிடம் ராஜாவும் இல்லை, கல்வெட்டும் இல்லை. எழுதி வைக்க ஆளில்லாத சனங்கள். லயத்து வாழ்க்கையை எழுதி வைக்க ஆளில்லையே என்று ஏங்குகிற நமக்கு அந்த வலி புரியாதா?

2017 ஏப்ரலில் ஒரு புதுமை நடந்தது. அங்கே தொல்பொருள் காட்சிக்கூடம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. எல்லாம் வெட்டியாகிவிட்டது என்று நினைத்த மண்ணுக்குள் ஒரு முழு மனிதரின் எலும்புக்கூடு! மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கவனமாக எடுத்துப் பார்த்தார்கள். வயது சுமார் 5,700 ஆண்டுகள். பெண் என்று தெரிந்தது; ‘பினாங்குப் பெண்’ என்று பெயர் வைத்தார்கள். கைகளை மடித்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் மண்பாண்டம், கல் ஆயுதம், பல வகைச் சிப்பிகள். அடக்கம் செய்தவர்கள் அவரை மதிப்போடுதான் அனுப்பிவைத்திருக்கிறார்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து குவார் கெப்பா ஒன்றும் தூரமில்லை. பள்ளிச் சுற்றுலா என்றால் ஒவ்வொரு வருடமும் மிருகக்காட்சிசாலைதான் என்று இருக்காமல், ஒருமுறை பஸ்ஸை அந்தப் பக்கம் திருப்புங்கள். போகிற வழியில் பிள்ளைகளுக்கு மணலில் அந்த இரண்டு ஓட்டைகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று, தெரிந்த பெரியவர் யாராவது சொல்லிக்கொண்டு போகட்டும்.